ஜோத்பூர் கோட்டையும் அதைக் காக்கும் அறக்கட்டளையும்

மெஹ்ரான்கட் அருங்காட்சியக அறக்கட்டளை 1972இல் ராஜஸ்தானின் ஜோத்பூர் நகரில் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய இரண்டாம் கஜ் சிங்குக்கு அப்போது வயது 24. மார்வார் நாட்டைத் தலைமுறை தலைமுறையாக ஆண்ட ராத்தோர் குலத்தின் தலைவர் அவர். ஆனால் ஆள்வதற்கு நாடு இல்லை. இந்திய அரசு கொடுத்துவந்த மன்னர் மானியமும் முந்தைய ஆண்டுதான் நின்றுபோயிருந்தது. குடும்பத்தின் கையில் எஞ்சியவற்றுள் மிகப் பெரியது, நகரத்துக்கு மேலே ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் பாறைமீது நிற்கும் மெஹ்ரான்கட் கோட்டை. அதில் வருமானம் எதுவும் இல்லை, வவ்வால்கள் மட்டும் ஏராளம். அவற்றின் எச்சத்தை உரத்துக்கு விற்றுக் கிடைத்ததே கோட்டையின் முதல் வரும்படி என்று ஜோத்பூரில் சொல்வதுண்டு. அந்த நிலையிலிருந்து கோட்டை எப்படி மீண்டது, மீட்டவர்கள் அதோடு நிற்காமல் பாட்டு, பாறை, செடி, நீர் என்று எங்கெல்லாம் போனார்கள் என்பதை ஜோத்பூரிலிருந்து நாகௌர் வரை சுமார் 135 கிலோமீட்டர் வழியில் நேரிலேயே பார்த்துக்கொண்டு போகலாம்.

ஜோத்பூர் 1459இல் பிறந்த நகரம். அதற்கு முன் ராத்தோர்களின் தலைநகர் வடக்கே 9 கிலோமீட்டரில் உள்ள மண்டோர். பாதுகாப்பு போதாது என்று கருதிய ராவ் ஜோதா, பறவைகளின் குன்று என்று பெயர்பெற்ற ஒரு பாறைக் குன்றைத் தேர்ந்தெடுத்தார். அங்கே சீடியா நாத் என்ற துறவி தனியே வாழ்ந்துவந்தார் என்றும், இடத்தை விட்டு எழுப்பப்பட்ட கோபத்தில் இந்த ஊர் நீருக்கு ஏங்கட்டும் என்று சபித்தார் என்றும் கதை. சாபம் நீங்க ஓர் உயிர் வேண்டும் என்றார்களாம். மேக்வால் சாதியைச் சேர்ந்த ராஜாராம் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார். தானே முன்வந்தார் என்கிறது மரபு; அரசனும் தாழ்த்தப்பட்ட குடியானவனும் எதிரெதிரே நின்ற ஒரு காலத்தில் முன்வருவது என்பதற்கு என்ன பொருள் என்று படிப்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவருடைய வழிவந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நிலம் ராஜ்பாக் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. கோட்டையில் அவர் பெயர் தாங்கிய நினைவிடமும் உண்டு.

சாபக் கதையின் அடியில் இருப்பது உண்மையான பஞ்சம். மார்வாரில் மழை பொய்க்கும் ஆண்டுகள் வழக்கமானவை. கஜ் சிங்கின் பாட்டனார் உம்மைத் சிங் 1929இல் நகரின் மறுபக்கக் குன்றில் 347 அறைகள் கொண்ட உம்மைத் பவன் அரண்மனையைத் தொடங்கினார். லண்டன் கட்டடக் கலைஞர் ஹென்றி லான்செஸ்டர் வரைந்த அந்தக் கட்டடம் முடிய 1943 ஆயிற்று. பஞ்சத்தில் அடிபட்ட ஆயிரக்கணக்கானோருக்கு ஆண்டுக்கணக்கில் கூலி கிடைக்கட்டும் என்பது அந்த வேலையின் நோக்கங்களில் ஒன்று. குடும்பம் அங்கே குடியேறிய நான்கே ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. ஜோத்பூர் இந்தியாவோடு இணைந்து, 1949இல் ராஜஸ்தான் மாநிலத்தின் பகுதியாயிற்று. 1952 ஜனவரியில் கஜ் சிங்கின் தந்தை ஹன்வந்த் சிங், முதல் பொதுத்தேர்தல் சூட்டோடு விமான விபத்தில் இறந்தார். மகனுக்கு அப்போது நான்கு வயது. அதே ஆண்டு ஜாகீர் ஒழிப்புச் சட்டம் வந்து, கிராமங்களை ஆண்ட ராஜபுத்திரப் பெருநிலக்காரர்களின் வருவாயை நிறுத்தியது. 1971 டிசம்பரில் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் நீக்கியது.

இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த இளைஞருக்கு முன்னால் இரண்டு பெரிய கட்டடங்கள் இருந்தன. உம்மைத் பவனின் ஒரு பகுதி ஹோட்டல் ஆயிற்று. அது குடும்பத்தின் சொத்தாகவே தொடர்ந்தது. கோட்டையை அப்படி வைத்துக்கொள்ளவில்லை. அதை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் விட்டு, 1974இல் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அந்தக் காலத்தில் முன்னாள் சமஸ்தானங்கள் பலவற்றில் அரண்மனைப் பொருள்கள் ஏலத்துக்கும் வழக்குமன்றத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. ஜோத்பூரில் வாளும் பல்லக்கும் ஓவியமும் கணக்கேடும் இருந்த ஊரிலேயே ஒன்றாக நின்றதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். உள்ளூர் மக்கள் கஜ் சிங்கை இன்றும் பாப்ஜி என்று தந்தை முறை சொல்லி அழைக்கிறார்கள்.

கோட்டைக்கு ஏறும் வழி வளைந்து வளைந்து செல்கிறது. யானைகள் ஓடிவந்து கதவை முட்ட இடம் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு வாசலுக்கு முன்னும் செங்குத்தான திருப்பம் வைத்திருக்கிறார்கள். கதவுகளில் யானையின் நெற்றி உயரத்தில் இரும்பு முனைகள். ஜய் போல் என்ற நுழைவாயிலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஜா மான் சிங் கட்டினார். ஃபதே போல் 1707இல் முகலாயரிடமிருந்து அஜித் சிங் நகரை மீட்டதன் நினைவு. நடுவழி வாசல் ஒன்றின் அருகே ஜய்ப்பூர்ப் படையின் பீரங்கிக் குண்டு பட்ட தழும்புகள் தெரிகின்றன. மேலே லோஹா போல் என்ற இரும்புக் கதவின் பக்கச் சுவரில் சிறிய கைத்தடங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, வெள்ளித்தாளும் சிவப்புப் பொடியும் பூசப்பட்டிருக்கின்றன. 1843இல் மான் சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறிய பெண்களின் அடையாளங்கள் அவை. வீரக் கதைகள் நிறைந்த கோட்டையில் அதிக நேரம் நிற்கவேண்டிய இடம் அந்தச் சுவர்.

உள்ளே முற்றத்துக்கு முற்றம் மாறும்போது கட்டட வேலையும் மாறுகிறது. வெளிச் சுவர் சில இடங்களில் 36 மீட்டர் உயரம். எவ்வளவு முரடோ அவ்வளவு மென்மை உள்ளே இருக்கும் சிவப்பு மணற்கல் சாளரங்களில். 1600ஐ ஒட்டி எழுந்த மோதி மகால், 18ஆம் நூற்றாண்டில் அபய் சிங் கட்டிய பொன் பூசிய ஃபூல் மகால், விட்டத்தில் கண்ணாடிக் குண்டுகள் தொங்கும் 19ஆம் நூற்றாண்டுத் தக்த் விலாஸ் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே மார்வாரின் ரசனை எப்படி நகர்ந்தது என்று புரியும். கீழே அம்பாரிக் கூடம். முகலாயப் பேரரசர் ஷாஜஹான் மார்வார் மன்னர் ஜஸ்வந்த் சிங்குக்குக் கொடுத்த வெள்ளி அம்பாரி அங்கே இருக்கிறது. 1730இல் குஜராத்தில் வென்று கொண்டுவந்த மகாடோல் என்ற பல்லக்கு, கண்ணாடி பதித்த ஒரு சிறு வீடு போலவே நிற்கிறது.

அதே 1730இல், அதே அபய் சிங்கின் ஆட்சியில், ஜோத்பூருக்குத் தெற்கே கேஜட்லி கிராமத்தில் இன்னொன்று நடந்தது. அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டும் என்று ஆட்கள் கேஜடி மரங்களை வெட்ட வந்தார்கள். பிஷ்ணோய் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். அம்ரிதா தேவி தொடங்கி 363 பேர் கொல்லப்பட்டார்கள். ஃபூல் மகாலின் பொன்னைப் பார்த்துவிட்டு வருபவர்கள், அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்தக் கிராமத்துக்கும் போய்வருவது முறை. ஓர் அரச குடும்பத்தின் வரலாற்றை அதன் அருங்காட்சியகத்துக்குள் மட்டும் முழுதாகப் பார்த்துவிட முடியாது.

பெரும்பாலான பயணிகள் தவறவிடுவது கோட்டைக்குள் இருக்கும் நூலகம். மான் சிங் 1803 முதல் 1843 வரை ஆண்டவர். கவிஞர், நாத சித்தர்களின் தீவிர அடியார். அவர் தொடங்கிய புஸ்தக் பிரகாஷ் என்ற சுவடிச் சேகரிப்பை அறக்கட்டளை ஆய்வு நூலகமாக நடத்துகிறது. சமஸ்கிருத, ராஜஸ்தானிச் சுவடிகளோடு பஹி எனப்படும் அரண்மனைக் கணக்கேடுகளும் அங்கே உண்டு. யாருக்கு எத்தனை முழம் துணி, எந்தத் திருவிழாவுக்கு எவ்வளவு நெய், எந்தப் பாடகனுக்கு என்ன பரிசு என்றெல்லாம் எழுதிவைத்த ஏடுகள் அவை. மார்வாரின் அன்றாட வாழ்வை அறிய இவற்றைவிட நம்பகமான சான்று கிடைப்பது அரிது.

மான் சிங்கின் நாத பக்தி அசாதாரணமான ஓவியங்களாகவும் விளைந்தது. பக்கம் முழுவதும் ஒன்றுமற்ற பொன்னொளி, அதிலிருந்து மெல்லத் திரண்டு தோன்றும் பிரபஞ்சம், நடுவே அமர்ந்த சித்தர் என்று 1820களில் ஜோத்பூர் ஓவியர்கள் வரைந்தவை அவை. நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாமல் இருந்தன. அறக்கட்டளை அவற்றை, தோட்டமும் பிரபஞ்சமும் என்ற பொருளில் ஒரு கண்காட்சியாக 2008இல் வாஷிங்டனுக்கும் 2009இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பியது. இந்திய ஓவிய வரலாற்றில் ஜோத்பூருக்கு இருந்த இடத்தை அந்தக் கண்காட்சி உயர்த்தியது. 2018இல் ஹூஸ்டனில் தொடங்கிய இன்னொரு கண்காட்சியில், லால் டேரா என்ற 17ஆம் நூற்றாண்டுச் சிவப்புப் பட்டுக் கூடாரமும் கடல் கடந்து போய்வந்தது.

கோட்டை முற்றங்களில் தலைப்பாகை கட்டிய பாடகர்கள் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்க்கலாம். சுற்றுலாவுக்கான அலங்காரம் என்று எண்ணிக் கடந்துபோகக் கூடாது. மேற்கு ராஜஸ்தானின் மாங்கணியார்களும் லங்காக்களும் பிறப்பால் இசைக்குடிகள். இரு சாராரும் முஸ்லிம்கள். மாங்கணியார்களை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் இந்து ராஜபுத்திரக் குடும்பங்கள். லங்காக்களை ஆதரிப்பவர்கள் சிந்தி சிப்பாய் முஸ்லிம்கள். ஆதரவாளர் வீட்டில் பிறப்பு, திருமணம், சாவு எது நடந்தாலும் பாடகர் வரவேண்டும். அந்த வீட்டின் வம்சாவளி முழுவதையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பதிலுக்குத் தானியம், ஆடு, ஒட்டகம், பணம் கிடைக்கும். மாங்கணியாரின் கமாயிசா வட்ட வயிறு கொண்ட வில்வாத்தியம், ஆட்டுத்தோல் போர்த்தியது. லங்காவுக்கு சிந்தி சாரங்கி. ஜாகீர்கள் ஒழிந்தபோது கொடுக்கும் கை சுருங்கியது, பாடும் குடியும் தளர்ந்தது.

அவர்களை முதலில் தேடிப்போனது அரச குடும்பம் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். கோமல் கோட்டாரி என்ற நாட்டாரியல் அறிஞர், எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவோடு சேர்ந்து 1960இல் போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தானைத் தொடங்கி, கிராமம் கிராமமாக ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பாடகர்களை மேடைக்கும் வெளிநாட்டுக்கும் அழைத்துப் போனவரும் அவரே. அவர் 2004இல் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2007இல், மெஹ்ரான்கட் அறக்கட்டளையும் ஜய்ப்பூர் விராசத் அறக்கட்டளையும் கூடி ராஜஸ்தான் சர்வதேச நாட்டார் விழாவைக் கோட்டையில் தொடங்கின. ஐப்பசியை ஒட்டிவரும் சரத் பௌர்ணமியில் ஆண்டுதோறும் அது நடக்கிறது. இரவெல்லாம் கோட்டை முற்றங்களில் கச்சேரி. விடியற்காலைக் கச்சேரி மட்டும் ஜஸ்வந்த் தாடா என்ற வெண்பளிங்கு நினைவு மண்டபத்தில். பழைய ஆதரவாளர் வீட்டு முற்றத்தின் இடத்தை ஒரு விழா முழுவதுமாக நிரப்பிவிட முடியாது. ஆனாலும் ஒரு மாங்கணியார் சிறுவன் கமாயிசாவைக் கையில் எடுப்பதற்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது என்றால் இந்த மேடைக்கும் அதில் பங்குண்டு.

கோட்டையின் வடக்குச் சரிவில் இருக்கும் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காதான் அறக்கட்டளை செய்தவற்றுள் மிகத் துணிச்சலானது. சுமார் 70 ஹெக்டேர் பாறை நிலம். அடியில் இருப்பது ரயோலைட் என்ற எரிமலைப் பாறை, ஏறத்தாழ 75 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. 2006 வரை இந்தச் சரிவு முழுவதும் மூடிக் கிடந்தது ஒரே மரம்: தமிழ் வாசகர்கள் நன்றாக அறிந்த சீமைக் கருவேலம். ராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் பிடித்துக்கொண்ட அதே மெக்சிகோ முள்மரம் இங்கும் வேறெதையும் வளரவிடவில்லை. இங்கே அது பரவியதில் அரச குடும்பத்துக்கே பங்குண்டு. பாலையைப் பசுமையாக்கும் ஆசையில் உம்மைத் சிங் 1930களில் விமானத்திலிருந்து விதைகளைத் தூவச் செய்தார் என்பார்கள்; ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் அதை ராஜ மரமாகவே அறிவித்து வெட்டத் தடை போட்டது. பேரனின் அறக்கட்டளை அதை வேரோடு பிடுங்க முடிவுசெய்தது.

பொறுப்பேற்றவர் இயற்கையியலாளர் பிரதீப் கிருஷன். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், தீ வைத்தாலும் சாகாது, மருந்து ஊற்றினால் மண் கெடும். பாறைப் பிளவில் ஒன்றரை அடி ஆழம்வரை போன வேர்க்கட்டையை முழுதாக எடுத்தால்தான் மரம் சாகும். இயந்திரம் ஏற முடியாத அந்தச் சரிவில் இதைச் செய்துகாட்டியவர்கள் கண்ட்வாலியாக்கள், ஜோத்பூர் மணற்கல் சுரங்கங்களில் தலைமுறைகளாக வேலை செய்த கல்லுடைக்கும் மக்கள். சுத்தியலால் தட்டிக் கேட்டே பாறை எங்கே இளகும் என்று சொல்லக் கூடியவர்கள். உளியும் சம்மட்டியும் கொண்டு மரம் மரமாக எடுத்தார்கள். எடுத்த குழியே பாலைவனச் செடிக்கு நடுகுழி ஆனது. கள்ளி வகையான தோர், மார்வார்ச் சமையலில் சேரும் கொட்டைகளைத் தரும் குமட்டியா, நம் சிறுபூளைக்கு உறவான பூயி, ராஜஸ்தானின் மாநில மலரான ரோகிடா எல்லாம் இப்போது சொந்த மண்ணில் நிற்கின்றன. 2011இல் பூங்கா திறக்கப்பட்டது. நடைபாதை ஒன்று, மழைநீரைக் கோட்டை அடிவாரக் குளங்களுக்குக் கொண்டுவரப் பாறையில் வெட்டிய ஹாத்தி நஹர் என்ற பழைய கால்வாய் வழியாகவே செல்கிறது. தமிழ்நாட்டில் இந்த மரத்தை ஒழிப்பது பற்றிப் பேசுபவர்கள் ஒருமுறை வந்து பார்க்கவேண்டிய இடம் இது. மரத்தை எடுப்பது பாதி வேலைதான். எடுத்த இடத்தில் எதை, எப்படி வைத்தார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

அறக்கட்டளையின் வரலாற்றில் ஒரு துயர நாளும் உண்டு. கோட்டையின் தென்கோடியில் ராவ் ஜோதா மண்டோரிலிருந்து கொண்டுவந்த சாமுண்டா தேவியின் கோயில் இருக்கிறது. 2008 செப்டம்பர் 30, நவராத்திரியின் முதல் நாள் விடியலில், அங்கே நெரிசலில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். அருங்காட்சியகமாக மாறிய பிறகும் இந்தக் கோட்டை ஊர் மக்களுக்கு முதலில் ஒரு கோயில்தான்.

ஜோத்பூரிலிருந்து வடகிழக்கே போகும் சாலை நாகௌரை அடைகிறது. ஊர் நடுவே, குன்று எதுவும் இல்லாமல் சமதரையில் எழுந்த கோட்டை அஹிச்சத்ரகட். இதன் அழகிய பகுதிகள் 18ஆம் நூற்றாண்டில் அபய் சிங்கின் தம்பி பக்த் சிங் கட்டியவை. பல காலம் கவனிப்பாரற்றுச் சிதைந்த இந்தக் கோட்டையையும் அதே அறக்கட்டளைதான் மீட்டது. பிரிட்டனின் ஹெலன் ஹாம்லின் அறக்கட்டளை பணம் கொடுத்தது, அகமதாபாத் கட்டடக் கலைஞர் மீனாட்சி ஜெயின் வேலையை வழிநடத்தினார். சிமெண்டை ஒதுக்கி, சுண்ணாம்புக் காரை தெரிந்த உள்ளூர்க் கொத்தர்களைக் கொண்டே செய்தார்கள். தூர்ந்த மண்ணை எடுக்க எடுக்க வெளிப்பட்டவை வாய்க்கால்கள், தொட்டிகள், குளியலறைகள், நீரூற்றுகள். மழை அரிதான ஊரில் ஒவ்வொரு கூரையின் நீரும் சேர்ந்து, மாளிகைகளைக் குளிர்வித்து, தோட்டத்துக்குப் போய்ச்சேரும் ஏற்பாடு அது. வேலை தொடங்கியபோது ஒரு நீரூற்றும் ஓடவில்லை. முடிந்தபோது 90 ஓடின. சுவரோவியங்களைக் காக்க லண்டனின் கோர்ட்டால்ட் கலைக் கழகத்தோடு சேர்ந்து பயிற்சி வேலையும் நடந்தது. தண்ணீரில் விளையாடும் பெண்களும், கைத்தாளம் போடும் பாடகிகளும் மங்கிய பச்சையிலும் காவியிலும் அந்தச் சுவர்களில் இன்னும் இருக்கிறார்கள். யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது 2002இல் நாகௌருக்குக் கிடைத்தது. 2013இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது.

அஜ்மீர் மொய்னுத்தீன் சிஷ்தியின் சீடரான ஹமீதுத்தீன் நாகௌரியின் தர்காவும் இந்த ஊரில்தான் இருக்கிறது. கோட்டை முற்றங்களில் பிப்ரவரியை ஒட்டி அறக்கட்டளை நடத்தும் சூஃபி, பக்தி இசை விழா அந்த மரபிலிருந்து இயல்பாக எழுந்தது.

நீர் பற்றிய அக்கறை கோட்டைகளுக்கு வெளியேயும் நீண்டிருக்கிறது. 2002இல் தொடங்கிய ஜல் பாகீரதி அறக்கட்டளை, கஜ் சிங்கின் தலைமையில், மார்வார்க் கிராமங்களில் பழைய குளங்களையும் மழைநீர்த் தொட்டிகளையும் மீட்கிறது. அது தனி அமைப்பு, கணக்கும் தனி.

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை வெயில் தாங்கும். பூங்காவின் செடிகளைப் பச்சையாகப் பார்க்க விரும்புபவர்கள் மழைக்காலத்திலோ அது முடிந்த கையோடோ போகலாம். கோட்டையை ஒரு முற்பகலில் பார்த்துத் திரும்புகிறவர்கள் ராஜாக்களை மட்டுமே பார்த்துவிட்டு வருகிறார்கள். பூங்காவுக்கு ஒரு காலை நேரத்தையும் நாகௌருக்கு ஒரு முழு நாளையும் ஒதுக்குங்கள். கோட்டையின் நுழைவுச் சீட்டு சற்று விலை கூடியதுதான். சுவருக்கும் சுவடிக்கும் ஆள்கூலிக்கும் அறக்கட்டளை பெரிதும் நம்பியிருப்பது அந்தப் பணத்தை. தயங்காமல் வாங்கலாம்.